மறைத்தலும் அருளலும்

(கும்பாபிஷேகப் பெருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்திய பேச்சு)



கும்பாபிஷேக மேடையில் பேசுவோர் தலத்தின் பெருமையையோ, மூர்த்தியின் சிறப்பையோ, அடியார் வரலாற்றையோ எடுத்துரைப்பது மரபு. அடியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். 'மக்கள் ஏன் இரகசியம் காக்கின்றனர்?' என்பதே அப்பொருள். கோயிலில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் ஐயுறக்கூடும். சற்றே எண்ணிப் பார்த்தால், இதனைப் பேசுதற்குக் கோயிலினும் பொருத்தமான இடம் வேறில்லை என்பது விளங்கும்.

தமிழில் வேதத்திற்கு 'மறை' என்று பெயர். ஒளித்து வைப்பதையும் 'மறை' என்ற அதே அடிச்சொல்லால்தான் குறிக்கிறோம். இறைவன் திருநாமத்தை உள்ளடக்கிய சொல் மந்திரம். அரசன் தனியிடத்திலிருந்து செய்யும் ஆலோசனைக்கும் மந்திரம் என்றே பெயர். அதற்குத் துணையிருப்பவன் மந்திரி. நம் கருவறையோ இருள் சூழ்ந்தது. அலங்காரம் நடைபெறும்போது திரை இடுகின்றனர். உரிய வேளையில் திரையை விலக்கித் தீபாராதனை காட்டுகின்றனர். எதனை, எப்பொழுது மறைப்பது, எதனை, எப்பொழுது திறப்பது என்ற பாடத்தைக் கோயில் நாள்தோறும் நமக்கு நடத்திக் கொண்டேயிருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்தொழில் கூறுகின்றது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. ஆடவல்லான் திருவுருவில் உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், அனல் ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பர். கவனியுங்கள்! மறைத்தலும் இறைவன் தொழிலே. ஆயின் அவன் ஏன் மறைக்கிறான்? உயிர் பக்குவம் அடையும் வரையில் உண்மையை மறைத்து நின்று, பக்குவம் வந்தபின் தன்னைக் காட்டி ஆட்கொள்கிறான். அவனுடைய மறைப்பு அருளில் சென்று முடிகிறது. ஆதலின் அதனையும் ஒருவகை அருள் என்றே சித்தாந்த நூலோர் கொண்டனர்.

மனிதனும் மறைக்கிறான். அவனுடைய மறைப்பு எதில் சென்று முடிகிறது என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

அன்பர்களே! மறைத்தலுக்குக் காரணங்கள் பல. அச்சம் ஒன்று, நாணம் ஒன்று, பிறர்பால் வைத்த அன்பு ஒன்று, வஞ்சகம் ஒன்று, அடக்கம் ஒன்று. வெளித்தோற்றத்தில் இவை யாவும் ஒன்றுபோலவே இருக்கும். வாய் மூடியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே நிகழ்வதோ வேறு வேறு. ஒவ்வொன்றையும் நாம் அறிந்த கதைகள் வாயிலாகவே காண்போம்.

அச்சத்தாலும் நாணத்தாலும் காத்த இரகசியத்திற்குக் குந்திதேவியினும் பெரிய சான்று இல்லை. மணமாகாத இளம் பருவத்தில், துருவாச முனிவர் அளித்த மந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் விளையாட்டு ஆசையால் கதிரவனை அழைத்தாள். குழந்தை பிறந்தது. ஊரார் பழிக்கும் என்ற அச்சம், குலத்திற்கு இழுக்கு என்ற நாணம். பேழையில் வைத்துக் குழந்தையை ஆற்றிலே விட்டாள். அன்று தொடங்கிய மௌனம் பாரதப் போர் முடியும் வரையில் கலையவில்லை.

அந்த மௌனத்தின் விலையைப் பாருங்கள். அரங்கேற்ற நாளில் கர்ணன் வந்து நின்றபோது தாய் அடையாளம் கண்டுகொண்டாள், மயங்கி விழுந்தாள், வாய் திறக்கவில்லை. சபையில் அவன் குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்தபோதும் அவள் பேசவில்லை. போர் மூளும் தறுவாயில்தான் மகனைத் தனியே சந்தித்து உண்மையைச் சொன்னாள். அப்பொழுது காலம் கடந்துவிட்டது. அருச்சுனன் ஒருவன் நீங்கலாக மற்ற நால்வரையும் கொல்வதில்லை என்ற வாக்கை மட்டுமே அவளால் பெற முடிந்தது.

இங்கே பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அந்த இரகசியத்தைக் குந்தி மட்டும் காக்கவில்லை. கண்ணபிரான் அறிந்திருந்தான், பீஷ்மர் அறிந்திருந்தார், இறுதியில் கர்ணனே அறிந்திருந்தான். தூது வந்த கண்ணனிடம் கர்ணன் வேண்டிக்கொண்டது என்ன? 'இதனைத் தருமனுக்குச் சொல்லாதே. தெரிந்தால் அவன் அரசை எனக்கு அளிப்பான், நானோ அதனைத் துரியோதனனுக்கு அளித்துவிடுவேன்' என்ற கருத்துப்பட வேண்டினான். தாய் மறைத்தது அச்சத்தால்; மகன் மறைத்தது நன்றியால். நோக்கம் இரண்டும் வேறு. விளைவு ஒன்றே. தம்பி அறியாமல் அண்ணனைக் கொன்றான்.

போர் முடிந்து, மாண்டோர்க்கு நீர்க்கடன் செய்யும் வேளையில் குந்தி உண்மையை வெளியிட்டாள். தருமன் துடித்தான். இனிப் பெண்கள் மனத்தில் இரகசியம் தங்காதொழிக என்று சபித்தான் என்று பாரதம் கூறுகிறது. இச்சாபத்தை எடுத்துக்காட்டித் தாய்மார்களை நகையாடுவோர் உளர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சாபம் பிறந்ததே ஒரு பெண் இரகசியத்தை வாழ்நாள் முழுவதும் காத்துவிட்டாள் என்பதனால் அன்றோ? ஆடவருள் சான்றோர் பலரும் அதே இரகசியத்தைக் காத்து நின்றனர் அன்றோ? எனவே பழியை ஒரு பாலார்மேல் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டா. குந்தியின் கதை உணர்த்துவது, அச்சத்தால் மறைத்த ஒன்று நாள் செல்லச் செல்லச் சொல்லுதற்கு அரிதாகிறது என்பதே. முதல்நாள் சொல்லியிருந்தால் ஒரு பழி. பின்னர் ஒரு போட்டி. அதற்கும் பின்னர் ஒரு போர். கடன் போலவே இரகசியத்திற்கும் வட்டி உண்டு.

இனி நம் அடியார் வரலாற்றுக்கு வருவோம். தில்லையில் வாழ்ந்த குயவர் குலத் தொண்டர் திருநீலகண்ட நாயனார். அடியார்க்குத் திருவோடு வனைந்து அளிப்பது அவர் தொண்டு. இல்லறத்தில் அவரிடம் நேர்ந்த ஒரு பிழையால் மனைவியார் மனம் நொந்து, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, தம்மைத் தீண்டலாகாது என்று தடுத்தார். அவ்வாணையில் அம்மையார் ஆண்ட சொல் பன்மையாக அமைந்திருந்தமையால், பெண்குலம் முழுவதையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார். இருவரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர், செய்யவேண்டிய பணிகளையெல்லாம் செய்தனர், தீண்டாமல் வாழ்ந்தனர், முதுமையும் அடைந்தனர். அயலார் ஒருவரும் இதனை அறியவில்லை.

இந்த மறைப்பு எத்தகையது? கணவர் பிழையை ஊரறியச் செய்து அவரைத் தலைகுனிய வைக்க மனைவியார் எண்ணவில்லை. மனைவியார் சினத்தைப் பிறரிடம் கூறிப் பரிவு தேடக் கணவர் எண்ணவில்லை. இருவருக்குள்ளும் ஆன பிணக்கு இருவருக்குள்ளேயே நின்றது. இது பிறர் மானத்தைக் காக்கும் மறைப்பு. வீட்டுச் செய்தியைத் திண்ணையில் இறைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர்க்கு இக்குயவர் இல்லம் ஒரு பள்ளிக்கூடம்.

ஆயினும் இறைவன் கதையை அங்கே நிறுத்தினான் அல்லன். சிவயோகியாக வந்து ஓடு ஒன்றைக் கொடுத்து, அதனை மறையச் செய்து, பின் வந்து கேட்டு வழக்காடினான். 'நீ களவு செய்யவில்லையாயின் மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்' என்றான். தில்லை அந்தணர் அவையும் அவ்வாறே கூறியது. மூங்கில் தண்டு ஒன்றின் இருமுனையை இருவரும் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினர். கையைப் பற்றுக என்று யோகியார் வற்புறுத்தவே, அதுகாறும் காத்த செய்தியை நாயனார் அனைவரும் கேட்க எடுத்துரைத்தார். மூழ்கி எழுந்தபோது முதுமை நீங்கி இளமை பெற்றிருந்தனர். தில்லையில் உள்ள இளமையாக்கினார் கோயிலும் குளமும் இன்றும் இதனை நினைவூட்டுகின்றன.

உண்மைக்குச் சோதனை வந்த இடத்தில் நாயனார் மானம் பார்க்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டியவர் முன்னர், சொன்னார். சொன்னவுடன் முதுமை நீங்கியது என்பதில் உள்ள நுட்பத்தைச் சிந்தியுங்கள். நெடுநாட் சுமையை இறக்கி வைத்தவர் முகத்தில் தோன்றும் தெளிவை நாம் கண்டதில்லையா? பத்து வயது குறைந்தாற்போல் இருக்கிறார் என்று நாமே கூறுகிறோம் அன்றோ?

மூன்றாவது, வஞ்சகத்திற்குத் துணைபோகும் மறைப்பு. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனார். போர்க்களத்தில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன் என்னும் பகைவன் திருநீறு பூசி, சடை தாங்கி, புத்தகக் கட்டினுள் படைக்கலத்தை ஒளித்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். உரிய காலம் அன்று என்று தடுத்த காவலன் தத்தனையும் கடந்தான். 'எங்கும் கிடையாத ஆகமம் ஒன்றைக் கொணர்ந்துள்ளேன். நானும் நீயும் மட்டுமே இருக்கவேண்டும்' என்றான். அரசியாரும் அகன்றனர். பின்னர் நிகழ்ந்ததை நீவிர் அறிவீர். குத்துண்ட நிலையிலும் திருவேடத்திற்கு மதிப்பளித்து, அவனை ஊறின்றி நகர் கடத்தி விடுமாறு தத்தனைப் பணித்தமை நாயனாரின் ஒப்பற்ற பெருமை.

நாயனாரின் பக்தியைப் போற்றும் நாம், முத்தநாதனின் தந்திரத்தையும் அறிந்து வைத்திருத்தல் வேண்டும். அவன் செய்த முதற்காரியம் துணையிருந்தோரை விலக்கியது. வஞ்சகன் எந்தக் காலத்திலும் இதனையே செய்வான். இன்றும் தொலைபேசியிலே முத்தநாதர்கள் வருகின்றனர். திருநீற்றுக்குப் பதில் காவல் அதிகாரியின் சீருடை. புத்தகக் கட்டுக்குப் பதில் போலிக் கடிதம். 'உம்மீது வழக்கு இருக்கிறது, வீடியோ அழைப்பைத் துண்டிக்காதீர், மனைவி மக்களிடம் ஒரு சொல்லும் பேசாதீர், பணத்தை இந்தக் கணக்கிற்கு அனுப்பும்' என்று மிரட்டுகின்றனர். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். அவ்வாறு ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் நாட்டின் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். ஓய்வு பெற்ற முதியோர், படித்தோர், பெரும்பதவி வகித்தோர் எனப் பலரும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கின்றனர். அறிவின்மை மட்டும் இதற்குக் காரணமன்று. 'யாரிடமும் சொல்லாதே' என்ற ஆணைக்குப் பணிந்ததே பெருங்காரணம். பக்கத்து அறையிலிருக்கும் மகனை அழைத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மாயம் அப்பொழுதே கலைந்திருக்கும். 'இதனை எவரிடமும் கூறாதே' என்று அறியாத ஒருவன் உங்களிடம் சொன்னால், அதுவே நீங்கள் உடனே பிறரிடம் கூறவேண்டிய செய்தி என்று கொள்ளுங்கள். பணம் போய்விட்டாலும் நாணி ஒளியாது 1930 என்னும் எண்ணிற்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழியுண்டு.

மெய்யன்பர்களே! இனி மறைப்போர் உள்ளத்தில் நிகழ்வதைப் பற்றிச் சில சொற்கள். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அவ்வாறு சொன்ன மாத்திரத்தில், அதுவரை நினைவில் இல்லாத குரங்கு கிண்ணத்தின் விளிம்பில் வந்து குந்திக்கொள்ளும். டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1987-ஆம் ஆண்டு இதனையே ஆய்வாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டா என்று மாணவர்களிடம் கூறினார். அவர்கள் மனத்தில் வெள்ளைக் கரடி மீண்டும் மீண்டும் வந்து நின்றது. நம் பாட்டிமார் குரங்கு என்றனர். அவர் கரடி என்றார். உண்மை ஒன்றே.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்லெப்பியன் என்பாரும் அவருடைய துணைவர்களும் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், மக்கள் காக்கும் இரகசியங்களை 38 வகையாகப் பகுத்தனர். ஆய்வில் கலந்துகொண்டோரிடம் சராசரியாக 13 இரகசியங்கள் இருந்தன. அவற்றுள் ஐந்து எவரிடமும் ஒருபோதும் சொல்லப்படாதவை. அவர்கள் கண்ட வேறொரு செய்தியே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. பிறர் கேட்கும்போது மறைக்கவேண்டியிருப்பது துன்பம் என்றே நாம் எண்ணுகிறோம். அதனினும், ஒருவரும் கேளாத வேளையில், தனித்திருக்கும்போது, மனம் அதையே சுற்றிச் சுற்றி வருவதுதான் மிகுதியும் வருத்துகிறது என்று அவ்வாராய்ச்சி காட்டியது. அயலாரிடமிருந்து ஒளிப்பது சில நொடிப் பாடு. தன்னோடு தான் அடைபட்டுக் கிடப்பதோ இராப்பகல் பாடு.

இறக்கி வைப்பதன் நன்மையையும் ஆராய்ந்திருக்கின்றனர். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்பவர் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலரை நாளுக்குப் 15 நிமிடம் வீதம் நான்கு நாள்கள் தம் வாழ்வின் பெருந்துயரை எழுதச் செய்தார். நிகழ்ச்சியோடு தம் உணர்ச்சியையும் எழுதியோர், பின்வந்த மாதங்களில் மற்றவரைவிடக் குறைவாகவே மருத்துவரை நாடினர். அவர்கள் எழுதியதை ஊரார் படிக்கவில்லை. உள்ளே அடைபட்டது சொல்லாக வெளிவந்ததே போதுமானதாயிற்று. அரசன் காது கழுதைக் காது என்ற உண்மையை அறிந்த நாவிதன், சொல்லவும் மாட்டாமல் சொல்லாதிருக்கவும் மாட்டாமல், குழி தோண்டி அதனுள்ளே சொன்னான் என்ற பழங்கதையின் பொருளும் இதுவே.

இந்தக் குழி நமக்கு எங்கே இருக்கிறது? இதோ, இக்கோயிலில் இருக்கிறது. சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்கும் ஒருவரை 'என்ன வேண்டினீர்?' என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது முறையும் அன்று. ஆண்டவனிடம் சொல்லிவிட்டேன் என்று கூறித் திரும்புவோரின் நடையிலே ஒரு தெம்பு இருக்கிறது. கோயில் நம் முன்னோர் ஊருக்கு அமைத்த இறக்கி வைக்கும் மேடை. வழிநடைச் சுமையை இறக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். மனச்சுமையை இறக்கக் கருங்கல்லால் கோயில் எடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. ஆண்டவனிடம் சொல்லிவிட்டேன் என்பதனாலேயே மனிதரிடம் சொல்லவேண்டிய கடமை தீர்ந்துவிடாது. தாய்மார்களிடம் பணிந்து சொல்கிறேன். மார்பிலே கட்டி தோன்றியிருப்பதை நாணத்தால் கணவரிடமும் மகளிடமும் கூறாது மாதக்கணக்கில் மறைப்போர் உளர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருத்துவர் நலம் செய்வதற்கு உள்ள வாய்ப்பு, காலம் கடந்தபின் குறைந்துவிடுகிறது. காசநோய் இருப்பதை ஊரார்க்கு அஞ்சி மறைப்போர் உளர். அதற்கோ அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றியே மருந்து தருகின்றனர். குடும்பத் தலைவர்களிடமும் சொல்கிறேன். கடன் பெருகியதை மனைவியிடம் கூற நாணி, நகையை அடகு வைத்து, அதற்கு மேலும் கடன் வாங்கி, இறுதியில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் நிலைக்குச் செல்வோர் உண்டு. 'என் மானம் போய்விடும்' என்று அஞ்சி மறைத்தவர், தாம் போனபின் அந்த மானக்கேட்டையும் கடனையும் அறியாத மனைவி மக்கள் தலையில் அன்றோ வைத்துவிட்டுப் போகிறார்? அத்தகைய இருள் சூழும்போது ஒருவரிடம் சொல்லுங்கள். உற்றாரிடம் சொல்ல நாவெழவில்லையாயின், மனநல உதவிக்கென அரசு 2022-ஆம் ஆண்டு ஏற்படுத்திய 14416 என்னும் தொலைபேசி எண் உண்டு. உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருவர் உங்கள் சொல்லைக் கேட்பார்.

சொல்லவேண்டும் என்று சொல்லும்போது, கேட்பவரின் கடமையையும் சொல்லியாக வேண்டும். நம் மக்கள் பலர் மறைப்பதற்குக் காரணம், சொன்னால் காற்றிலே பறக்கும் என்ற பட்டறிவே. திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள் பாடியமைக்குக் காரணம் உண்டு. ஒருவர் தம் துயரை நம்மிடம் கூறினால், அதனை அடைக்கலப் பொருளாகக் கொள்ள வேண்டும். அடைக்கலம் வைத்த நகையை எடுத்து அணிந்து தெருவிலே உலவுவோமா? அடைக்கலம் வைத்த சொல்லை மட்டும் ஏன் ஊருக்குள் உலவ விடுகிறோம்? ஊரில் இரகசியத்தால் மடிவோர் குறையவேண்டுமாயின், நம்பிச் சொல்லத்தக்க செவிகள் மிகவேண்டும். ஒரு தெருவிற்கு அத்தகையவர் ஒருவர் இருந்தாலும் அத்தெரு பிழைத்துக்கொள்ளும்.

இதுகாறும் துன்பத்தை மறைப்பது பற்றிப் பேசினோம். நன்மையை மறைப்பதும் உண்டு. அதிலும் இருவகை.

எல்லார்க்கும் உரிய நன்மையைத் தனக்கென மறைத்தல் ஒருவகை. இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து சென்று திருக்கோட்டியூர் நம்பியிடம் இரகசியப் பொருளைப் பெற்றார் என்று குருபரம்பரை கூறுகிறது. பிறர்க்குச் சொன்னால் நரகம் புகுவாய் என்பது ஆசாரியரின் கட்டளை. பெற்றவர் கோயிலின் மேலே ஏறி நின்று, ஆசையுடையோர் அனைவரும் கேட்க வெளியிட்டார். வினவிய ஆசாரியரிடம், 'அடியேன் ஒருவன் நரகம் புகினும் இத்தனை பேர் உய்வர் அன்றோ' என்ற கருத்தில் விடை பகர்ந்தார். நம்பியும் அவரைத் தழுவிக்கொண்டு 'எம்பெருமானாரே' என்று போற்றினார். நம்பி மறைத்ததிலும் பொருள் உண்டு. தகுதியும் ஆர்வமும் இல்லாதார் கையில் உயர்ந்த பொருள் மதிப்பிழக்கும் என்று அஞ்சினார். இராமாநுசர் திறந்ததிலும் பொருள் உண்டு. ஆசையே போதிய தகுதி என்று துணிந்தார். கல்வியோ, தொழில் நுட்பமோ, மருந்து முறையோ அறிந்தவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கைகண்ட மருந்தைத் தம்மோடு சுடுகாட்டிற்குக் கொண்டுசென்ற வைத்தியர்கள் எத்தனை பேர்! அவ்வகை மறைப்பால் ஊர் இழந்தவை எண்ணில.

தான் செய்த நன்மையைத் தன் பெருமைக்காகக் காட்டாது மறைத்தல் மற்றொரு வகை. இதற்கு இலக்கணமாக விளங்குபவர் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். கும்பாபிஷேக நாளில் அவரை நினையாமல் எவரை நினைப்பது? கோயில் எடுக்கப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்தினாலேயே சிறிது சிறிதாகப் பொருள் சேர்த்தார், தச்சரை அழைத்தார், கல் தேர்ந்தார், அடிநிலை இட்டார், விமானம் எழுப்பினார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார், குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நின்றவூரில் பூசல் எடுத்த கோயிலுக்குச் செல்கிறோம், உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்று உணர்த்தினான். மன்னன் வந்து ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லை என்றனர். ஊருக்கே தெரியாத கோயில் ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்பர்களே! மன்னனுடைய கோயிலை இறைவன் வேண்டா என்று தள்ளவில்லை; நாளைத்தான் மாற்றச் சொன்னான். ஆதலின் பெயர் விளங்கக் கொடுத்த செல்வர்கள் வருந்த வேண்டா. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை 1010-ஆம் ஆண்டு நிறைவு செய்த முதலாம் இராசராசன், தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவையார் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுவித்தான். அக்கல்வெட்டுகளில் நகைகளின் எடைகூடக் குறிக்கப்பட்டுள்ளது. இன்னது இன்னாரால் கோயிலுக்கு வந்தது என்று நாடறியப் பொறித்துவிட்டால், பின்வருவோர் அதனை மறைக்க முடியாது. கோயில் கணக்கிலே இரகசியம் கூடாது என்பதற்குச் சோழன் எழுதி வைத்த கல் அது.

நம் உண்டியலைப் பாருங்கள். எவர் எவ்வளவு இட்டார் என்பது எவர்க்கும் தெரியாது. கூலி வேலை செய்பவர் இட்ட பத்து ரூபாயும், செல்வர் இட்ட தங்கமும் ஒன்றாகவே கிடக்கும். உண்டியலைத் திறக்கும்போதோ பலர் முன்னிலையில் திறந்து, எண்ணி, எழுதுகின்றனர். கொடுத்த கை மறைந்திருக்கிறது. கொடுத்த பொருளின் கணக்கு வெளியில் இருக்கிறது. மறைப்பும் திறப்பும் எங்கெங்கே இருக்கவேண்டுமோ அங்கங்கே அமைந்திருக்கும் அழகு இது. வீட்டிற்கும் ஊருக்கும் இதனினும் நல்ல வழிகாட்டி வேண்டுமோ?

ஆகவே, ஒரு செய்தியை மறைக்கத் தோன்றும்போது நம்மை நாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வோம். இது வெளிப்பட்டால் கெடுவது பிறர் மானமா, என் தன்னலமா? இதனை அறியாமையால் எவரேனும் துன்புறப் போகிறாரா? இதனை மறைக்குமாறு என்னைத் தூண்டுவது அன்பா, அச்சமா? அன்பு தூண்டினால், பிறர்க்குத் தீங்கில்லையேல், கல்லில் எழுத்தாகக் காத்திடுவோம். அச்சம் தூண்டினால், தகுந்த ஒருவரைத் தேடி அன்றே சொல்லிவிடுவோம்.

தில்லைச் சிற்றம்பலத்தில் ஆடவல்லானுக்கு வலப்புறத்தே திரையிட்ட இடம் ஒன்று உண்டு. சிதம்பர இரகசியம் என்று உலகம் போற்றுவது அதுவே. திரையை விலக்கினால் திருவுருவம் எதுவும் இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெளி மட்டுமே இருக்கிறது. பெரிய இரகசியத்தின் உள்ளே ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. எங்கும் நிறைந்தவனுக்கு ஒளிக்க இடம் ஏது? நம் மனத்திரையும் ஒருநாள் அவன்முன் விலகத்தான் போகிறது. அன்று உள்ளே வெளியும் ஒளியுமே இருக்குமாறு வாழ்வோமாக! மறைத்தலை அருளலில் முடிக்கும் பெருமான், நம் மௌனங்களையும் பிறர் நலத்தில் முடித்தருள்வானாக! இத்திருக்கோயில் பல்லாண்டு பொலிக! திருப்பணிச் செல்வர்கள் வாழ்க!

திருச்சிற்றம்பலம்